168 செல்கள், ஒரு பேட்டரி

மின்சார ஸ்கூட்டரில் விலை மிகுந்த உறுப்பு பேட்டரி. இந்திய ஸ்கூட்டர்களுக்கு வேண்டிய லித்தியம் அயனி செல்களில் பெரும்பங்கு சீனாவிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் இறக்குமதியாகிறது. செல்லை இங்கேயே செய்ய 2021இல் மத்திய அரசு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் விளைச்சல் மெதுவாகத்தான் வருகிறது. வந்த செல்களைக் கோத்துப் பேட்டரியாக்கும் வேலையோ ஓசூர், போச்சம்பள்ளி வட்டாரத்திலும் புனே பக்கத்திலும் கைபழகிய தொழிலாகிவிட்டது. 3 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள ஒரு பேட்டரி எப்படி உருவாகிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. உருளை வடிவச் செல் ஒன்றின் விட்டம் 21 மி.மீ., உயரம் 70 மி.மீ., எடை ஏறத்தாழ 70 கிராம். மின்னழுத்தம் 3.6 வோல்ட், கொள்ளளவு 5 ஆம்பியர் மணி; ஆகவே ஒரு செல்லில் 18 வாட் மணி. 12 செல்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 60 ஆம்பியர் மணி கொண்ட ஒரு குழு கிடைக்கும். அப்படி 14 குழுக்களைத் தொடர் இணைப்பில் கோத்தால் 50.4 வோல்ட். மொத்தம் 168 செல்கள், 3,024 வாட் மணி. செல்களின் எடை மட்டும் 12 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. (இரும்பு பாஸ்பேட் வகைச் செல் என்றால் மின்னழுத்தம் 3.2 வோல்ட், அப்போது 16 குழுக்கள் தேவைப்படும்.)

செல்கள் முழு மின்னேற்றத்துடன் வருவதில்லை. விமானத்தில் ஏற்றுவதற்கான வரம்பே 30 சதவீதம்தான். பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு செல்லின் மீதுள்ள குறியீடும் வருடப்பட்டுக் கணினியில் பதிவாகிறது. பிறகு இரண்டு அளவைகள்: சுமையில்லா மின்னழுத்தம், உள்மின்தடை. உள்மின்தடை சில பத்து மில்லிஓமுக்குள் அடங்கும் சிற்றளவு. சாதாரண இரு முனைச் சோதனையில் கம்பியின் தடையே அதை விழுங்கிவிடும். அதனால் நான்கு முனைகள் வைக்கிறார்கள். இரண்டு முனைகள் 1,000 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தும். மற்ற இரண்டும் மின்னழுத்தத்தை மட்டும் அளக்கும். ஒரு செல்லுக்குச் சில விநாடிகள் போதும். சில மில்லிவோல்ட், ஓரிரு மில்லிஓம் வேறுபாட்டுக்குள் இருப்பவை ஒரே தட்டில் சேரும். விலகியவை தனியே ஒதுக்கப்படும். பின்னால் வரும் படிகள் எத்தனை நேர்த்தியாக அமைந்தாலும், இந்தப் பிரிப்பில் விட்டதை அவற்றால் மீட்க முடியாது. காரணத்தை உரிய இடத்தில் சொல்கிறேன்.

அடுத்து அடுக்குதல். செல்லின் நேர்முனையில் மின்காப்புத் தாளால் ஆன வளையம் ஒட்டப்படுகிறது. அங்கே நேர்முனை மூடிக்கும் எதிர்முனையான உலோகக் கூட்டின் விளிம்புக்கும் இடைவெளி மிகக் குறைவு. பிறகு தீப்பற்றாத வகைப் பிளாஸ்டிக் சட்டத்தின் குழிகளில் செல்கள் இறங்குகின்றன. ஒரு குழுவில் நேர்முனை மேலே, அடுத்ததில் கீழே. வெல்டிங்குக்கு முன் கேமரா ஒருமுறை பார்க்கிறது. ஒரே ஒரு செல் தலைகீழாக இருந்தாலும், செல்களை இணைக்கும் பட்டை படிந்த கணத்தில் மற்ற 11 செல்களும் அதன் வழியே குறுக்குச் சுற்றாகிவிடும்.

வெல்டிங்தான் கைத்திறன் முழுதும் வெளிப்படும் இடம். 0.15 மி.மீ. தடிமனுள்ள நிக்கல் பட்டையைச் செல்முனைகளின் மீது விரித்து, இரண்டு செம்பு மின்முனைகளால் அழுத்துகிறார்கள். ஆயிரம் ஆம்பியரைத் தாண்டும் மின்னோட்டம் சில மில்லிவிநாடிகள் பாய்ந்து, பட்டையும் கூடும் தொடும் புள்ளியை உருக்குகிறது. நேரம் கூடினால் செல்லின் உள்ளே சூடேறும். குறைந்தால் பட்டை பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டையில் இரு மின்முனைகளுக்கும் நடுவே ஒரு சிறு கீறல் வெட்டப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மின்னோட்டம் பட்டையின் மேற்பரப்பிலேயே குறுக்கே ஓடிவிடும். கீறல் வழியை மறிப்பதால் கீழே இறங்கிச் செல்லின் கூட்டைத் தொட்டுத்தான் மறுமுனைக்கு வந்தாக வேண்டும். செலவே இல்லாத அழகான ஏற்பாடு.

மாதிரிக்கு எடுத்த பட்டையை இடுக்கியால் உரித்துப் பார்ப்பதும் உண்டு. பட்டை சுத்தமாகக் கழன்று வந்தால் வெல்டிங் தோல்வி. பட்டை கிழிந்து, உருகிய நிக்கல் பொட்டுகள் செல்லிலேயே தங்கினால் வெற்றி. சில ஆலைகளில் பட்டைக்குப் பதிலாக மெல்லிய அலுமினியக் கம்பியை மீயொலியால் பிணைக்கிறார்கள். அந்தக் கம்பி பியூஸாகவும் வேலை செய்யும். பழுதான ஒரு செல்லுக்குள் மற்றவற்றின் மின்னோட்டம் பாய்ந்தால், கம்பி உருகி அதைத் துண்டித்துவிடும்.

இனி பி.எம்.எஸ். என்னும் மேலாண்மைப் பலகை. 14 குழுக்களை அளக்க 15 கம்பிகள் வேண்டும். அடியிலுள்ள எதிர்முனையிலிருந்து வரிசை பிசகாமல் ஏற வேண்டும். செருகுவதற்கு முன் மல்டிமீட்டரில் ஒவ்வொரு படியும் ஒரே அளவாக உயர்கிறதா என்று பார்க்கிறார்கள். செல்களுக்கு இடையே 10 கிலோஓம் வெப்ப உணரிகள் பொருத்தப்படுகின்றன. மே மாத வெயிலில் நின்ற வண்டியின் செல் 45 டிகிரிக்கு மேல் இருந்தால், ஆறும்வரை பலகை மின்னேற்றத்தை அனுமதிக்காது.

முன்பு தள்ளிவைத்த காரணத்துக்கு இப்போது வரலாம். ஏதேனும் ஒரு குழு 4.2 வோல்ட்டைத் தொட்டதும் பேட்டரி முழுதுக்கும் மின்னேற்றம் நின்றுவிடும். முந்திய குழுவின் மிகுதியைப் பலகை சிறு மின்தடைகளில் எரித்துச் சமன் செய்யும். அந்த வேகம் 0.1 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 60 ஆம்பியர் மணியில் 1 சதவீத வேறுபாட்டைத் தீர்க்க 6 மணி நேரம் ஆகும். அதுவும் மின்னேற்ற வேறுபாட்டுக்குத்தான் உதவும். ஒரு குழுவின் கொள்ளளவே குறைவு என்றால் பலகை செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

பிறகு உறை. செல் அடுக்குக்கும் அலுமினிய உறைக்கும் இடையே வெப்பம் கடத்தும் பசை, விளிம்பில் ரப்பர் வார், திருகுகளுக்கு அளந்த முறுக்குவிசை. உள்ளே வாயு மிகுந்தால் வெளியேற ஓர் அழுத்தத் திறப்பு. 2022 கோடையில் பல ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகள் கடுமையாயின. ஐபி 67 தரம் என்றால் 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகக்கூடாது. ஒவ்வொரு பேட்டரியையும் தொட்டியில் அமிழ்த்துவது நடக்கிற காரியமல்ல. அதனால் திறப்பின் வழியே காற்றைச் செலுத்தி, அழுத்தம் இறங்குகிறதா என்று கருவியால் அளக்கிறார்கள். கசிவு சில நிமிடங்களுக்குள் தெரிந்துவிடும்.

கடைசிச் சோதனை மேடையில் 500 வோல்ட் கொடுத்து உறைக்கும் முனைகளுக்கும் இடையிலான மின்காப்பைச் சரிபார்க்கிறார்கள். 58.8 வோல்ட் வரை மின்னேற்றி, 20 ஆம்பியர் வீதம் இறக்கினால் 3 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். இறங்கும்போது 14 குழுக்களின் கோடுகளும் கணினித் திரையில் ஒன்றின் மீது ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிந்தால், பிரித்தவரும் வெல்டிங் செய்தவரும் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். பாதியளவு மின்னேற்றி, சில நாள் அலமாரியில் வைத்து மறுபடி அளக்கிறார்கள். மின்னழுத்தம் இறங்காதவற்றுக்கு வரிசை எண் ஒட்டப்படுகிறது. 168 செல்களின் குறியீடுகளும் அந்த எண்ணின் கீழ் பதிவாகியிருக்கும். வண்டியில் பொருத்த நான்கைந்து போல்ட்டுகளும் இரண்டு இணைப்பிகளும் போதும்.