புரண்டு படுத்தாலும் போகாத வலி

செம்பனைக் குலையின் எடை மரத்தின் வயதைப் பொறுத்தது. காய்க்கத் தொடங்கிய இளமரத்தில் ஐந்தாறு கிலோ இருக்கும். முதிர்ந்த மரத்தில் இருபது, இருபத்தைந்து, சிலவற்றில் அதற்கும் மேலே. மலேசியத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் வழிகாட்டி ஆணுக்குத் தூக்கத்தக்க எடை 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்கிறது. அதுவும் சுமை இடுப்பளவில், உடம்பை ஒட்டி இருந்தால்தான். தரையிலிருந்து குனிந்து எடுப்பதானால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். குலையோ எப்போதும் தரையில்தான் கிடக்கிறது.

கோல சிலாங்கூர் வட்டாரம் இந்தக் குலையை நூறு ஆண்டுக்கு மேலாகத் தூக்கி வருகிறது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். நாட்டில் வணிகமுறையில் நடப்பட்ட முதல் செம்பனை அதுதான். அந்த ஊருக்கு இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பால்மரக் காலத்தில் வாளி சுமந்த தோள், செம்பனைக் காலத்தில் குலை ஏற்றவும் உரமூட்டை தூக்கவும் பழகியது. இன்று குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். உதிரிப் பழம் பொறுக்கியும் முதுகில் பம்பு மாட்டி மருந்தடித்தும் ஓய்ந்த தமிழ்ப் பெண்கள் லயத்திலும், பக்கத்துத் தாமான்களிலும் இருக்கிறார்கள். அந்த உழைப்பின் கணக்கு பலருக்கு ராத்திரியில்தான் வருகிறது.

பகலில் தாங்கிக்கொண்ட வலி, படுத்ததும் ஏன் தலைதூக்குகிறது? வேலை நேரத்தில் தசை சூடாக இருக்கும், கவனமும் வேறெங்கோ இருக்கும். படுத்தால் இரண்டும் போய்விடும். உடலில் வீக்கத்தை அடக்கிவைக்கும் கார்ட்டிசோல் என்ற சுரப்பு நள்ளிரவை ஒட்டித்தான் மிகக் குறைவாக இருக்கிறது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளும் சும்மா இருப்பதில்லை. பகல் முழுக்கச் சுமையால் நீர் இழந்து சுருங்கியவை, படுத்த நேரத்தில் ஸ்பாஞ்சு போல நீரை இழுத்து உப்புகின்றன. காலையில் எல்லாரும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் கூடியிருப்பது இதனால்தான். உப்பிய வட்டு விறைத்திருக்கும். ஆகவே எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிவதும் பாரம் தூக்குவதும் முதுகுக்கு ஆகாது. விடியும் முன்னே எழுந்து, பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு முடிந்த கையோடு உரமூட்டையில் கை வைப்பவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

இரவில் முதுகு வலித்தாலே புற்றுநோய் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படியில்லை. பிரிட்டனில் முதுகுவலி சிகிச்சையகம் ஒன்றுக்கு வந்தவர்களை ஆராய்ந்து 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 200-க்கும் அதிகமானோர் இரவிலும் வலிக்கிறது என்றார்கள். புற்றுநோய், தொற்று போன்ற பெரிய கோளாறு அவர்களில் ஒருவருக்கும் தென்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் 61 கோடிக்கும் அதிகமானோர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள். இதில் பத்தில் ஒன்பது, இன்ன நோய் என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியாத சாதாரண வலி. தசையும் மூட்டும் களைத்துப்போய் வருவது. அதன் அடையாளம் எளிது: புரண்டு படுத்தால் குறையும், சில வாரங்களில் தானே தணியும்.

இந்தச் சாதாரண வலிக்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை உண்டு. பக்கவாட்டில் படுப்பவர் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையும், மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்கு அடியில் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். வெந்நீர் ஒத்தடம் சுகம் தரும். ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடப்பது வலியை நீட்டிக்கும், நடமாடுவதே மேல். “பலகையில் படு, சரியாகிவிடும்” என்று பெரியவர்கள் சொல்வதற்கு ஆதாரம் போதாது. ஸ்பெயினில் 313 பேரிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், கல் போன்ற மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியுள்ள மெத்தையே நாள்பட்ட வலிக்காரர்களுக்கு நன்மை செய்தது. நடுவில் குழி விழுந்த பழைய மெத்தையை மட்டும் தயங்காமல் தூக்கிப் போடலாம்.

வேறொரு வலி இருக்கிறது. பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் மெதுவாகத் தொடங்கும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுப்பிவிடும். ஓய்வெடுத்தால் கூடும், எழுந்து நடந்தால் குறையும். காலை விறைப்பு அரைமணிக்கு மேல் நீடிக்கும். மூன்று மாதத்துக்கு மேலும் இப்படியே இருந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோயாக இருக்கலாம். நோய் இன்னதென்று தெரிவதற்குள் பலருக்கு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. தோட்டத்து இளைஞனுக்கு இது இன்னும் தாமதமாகும். வேலைக்கு நடக்கத் தொடங்கியதும் வலி குறைந்துவிடுவதால், “வேலை செய்தால் சரியாகிறது, பிறகென்ன” என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள். வேலையால் வந்த வலி வேலையில் கூடத்தானே வேண்டும்? குறைகிறதென்றால் அதுவே மருத்துவரிடம் போகக் காரணம்.

பயப்பட வேண்டிய வலி எந்தப் பக்கம் படுத்தாலும் ஒரேபோல் இருக்கும், வாரத்துக்கு வாரம் கூடும். அதோடு காரணமில்லாமல் எடை குறைவது, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, முன்பு மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல் போன்ற இடங்களில் வந்த புற்றுநோய், இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. காசநோயை இங்கே மறக்கவே கூடாது. மலேசியாவில் ஆண்டுக்கு 20,000-க்கும் அதிகமானோருக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது. அது முதுகெலும்பிலும் இறங்கும். இருமலே இல்லாமலும் இருக்கலாம். மருந்து உண்டு, குணமாகும். தாமதித்தால் எலும்பு கரைந்து முதுகு கூனிவிடும், கால் செயலிழக்கவும் கூடும். காய்ச்சலோடு விலாப்பக்கம் வலித்து, சிறுநீர் கடுத்தால் அது சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம்.

விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. முதுகுவலியோடு சிறுநீர் போக முடியாமல் அடைபடுவது, மலமோ சிறுநீரோ தெரியாமல் போய்விடுவது, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போவது, கால்கள் வலுவிழப்பது. முதுகுத்தண்டின் அடி நரம்புக்கற்றை நசுங்கும்போது இப்படி ஆகும். சில மணி நேரத் தாமதம் வாழ்நாள் முழுக்க நீடிக்கும் ஊனமாகிவிடலாம். 999-ஐ அழையுங்கள், அல்லது வண்டி பிடித்து நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வயதானவர் வழுக்கி விழுந்த பிறகு புதிதாக முதுகு வலித்தால், எலும்பு முறிந்திருக்கிறதா என்று அன்றே பார்த்துவிட வேண்டும்.

இந்த வட்டாரத்தில் உண்மையான எதிரி பல வீடுகளில் அலமாரியிலேயே இருக்கிறது. வலிக்கு உடனே கேட்கிற ஜாமு என்ற மூலிகை மருந்து. மூலிகை என்ற பெயரில் விற்ற சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிடும். மாதக்கணக்கில் குடித்தால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பொடியாகி முதுகெலும்பே நொறுங்கும். தானாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். பொன்ஸ்தான், டைக்குளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்குவதும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இன்னும் வேகமாக. 2019-இன் தேசிய சுகாதார ஆய்வில், வயதுவந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே இந்த விகிதம் அதைவிடக் கூடுதல்.

ஸ்கேன் எடுத்தால்தான் நோய் தெரியும் என்பதும் ஒரு நம்பிக்கை. சாதாரண வலிக்கு அது தேவையில்லை. எந்த வலியும் இல்லாத இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு வட்டுத் தேய்மானம் படத்தில் தெரிகிறது, எண்பது வயதில் 96 விழுக்காட்டினருக்கு. “தேய்மானம்” என்று அறிக்கையில் பார்த்துவிட்டு இடிந்துபோவதும், இனி எழுந்து நடக்கவே கூடாது என்று முடிவுகட்டுவதும் அறிக்கை செய்யாத கெடுதலைச் செய்துவிடும்.

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஜெராம், ஈஜோக் ஆகிய ஊர்களில் அரசு சுகாதார கிளினிக்குகள் இருக்கின்றன. குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் ஒரு ரிங்கிட். மேற்கொண்டு பார்க்கத் தஞ்சோங் காராங் மருத்துவமனையும், சுங்கை பூலோ மருத்துவமனையும் உள்ளன. வேலையில் அடிபட்டு வந்த வலியென்றால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் பொறுப்பேற்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதில் அடங்குவர். விபத்து நடந்த அன்றே மண்டோரிடமும் அலுவலகத்திலும் சொல்லிப் பதிவு செய்துவிட வேண்டும். பிறகு சொன்னால் நிரூபிப்பது கஷ்டம்.

கிளினிக்கில் “முதுகு வலிக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். எத்தனை வாரமாக, எந்த மணிக்கு எழுப்புகிறது, புரண்டால் குறைகிறதா, நடந்தால் குறைகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று சொல்லுங்கள். வீட்டில் குடிக்கும் ஜாமு பாட்டிலையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.