கியர் மாற்ற பேட்டரி எதற்கு?

சைக்கிளில் கியர் மாற்ற ஒரு கம்பி போதுமே? அந்தக் கம்பிதான் தொல்லை. பந்தய சைக்கிளின் பின்னால் 12 பல்சக்கரங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 3.5 மில்லிமீட்டர். கம்பி கொஞ்சம் தளர்ந்தாலோ, உறைக்குள் துருவேறினாலோ, செயின் நடுவில் நின்று கடகடக்கும்.

மின்னணு கியரில் கைப்பிடிப் பொத்தான் ஆணை மட்டும் இடுகிறது. செயினைத் தள்ளும் கரமான டிரெய்லியருக்குள் குட்டி மோட்டார் இருக்கிறது. எத்தனை முறை அழுத்தினாலும் அளந்த தூரமே நகரும். பின்னால் செயின் இடம் மாறினால், முன் டிரெய்லியர் உரசாமல் தானே ஒதுங்கிக்கொள்ளும். எனக்குப் பிடித்தது இதுதான்.

1992இல் மாவிக் நிறுவனத்தின் ‘ஸாப்’ என்ற மின்னணு கியர் வந்தது. நகர்த்தும் விசையைச் சுழலும் செயினிலிருந்தே எடுத்துக்கொண்ட கெட்டிக்கார யோசனை. ஆனால் ஈரம் பட்டால் நம்ப முடியாது. 2009இல் ஷிமானோ நிறுவனத்தின் டிஐ2 வந்த பிறகே இந்த முறை வேரூன்றியது. 2015இல் ஸ்ராம் நிறுவனம் ஆணையைக் கொண்டுசெல்லும் மின் ஒயரையும் நீக்கியது.

ஒயர் போனதும் புதுக் கவலை: 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஷிமானோவின் ஒயரில்லா கியருக்கான ரேடியோ ஆணையைப் பதிவுசெய்து, திரும்ப ஒலிபரப்பி, கியரை மாற்றிக் காட்டினர். ஷிமானோ மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று.

வழியில் பேட்டரி தீர்ந்தால்? டிஐ2வில் முன் கியர் முதலில் நிற்கும். பின் கியர் இன்னும் சிறிது தூரம் உழைக்கும்.