முகம் காணாத வாடிக்கையாளருக்கு



கடைக்கு வருகிறவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார். தேயிலையை அள்ளி மணந்து பார்ப்பார். விற்கிறவரின் முகத்தையும் பார்ப்பார். இணையத்தளத்தில் வாங்குகிறவருக்கு இவை எதுவும் கிடையாது. நாம் போட்ட படத்தையும் எழுதிய நாலு வரியையும் நம்பித்தான் பணம் அனுப்புகிறார். ஒரு தவறு செய்த பிறகே இது எனக்கு விளங்கியது.

நான் அட்டன் பக்கத் தோட்டமொன்றில், லயத்தில் பிறந்தவள். 1977 கலவரத்துக்குப் பின் எங்கள் குடும்பம் கிளிநொச்சிக்குப் போனது. அங்கேயே படிப்பு, அங்கேயே கல்யாணம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் கணவரை இழந்தேன். மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு மிஞ்சியது மகளும் தையல் வேலையும்தான். அண்ணனைத் தேடி மலைக்கே திரும்பினேன்.

தேயிலைப் பக்கற்றைப் போட்டுப் பரிசாகக் கொடுக்கும் சிறு துணிப்பைகளைத் தைத்து நுவரெலியாக் கடைகளுக்குக் கொடுத்து வந்தேன். 2020இல் கொரோனா வந்ததும் சுற்றுலாக்காரர் வரவு நின்றது. கடைகள் பை வாங்குவதை நிறுத்தின. அப்போது மகள், “இணையத்தளம் ஒன்று செய்வோம் அம்மா” என்றாள்.

என் கைத்தொலைபேசியில் எடுத்த படங்கள் இருட்டாக இருந்தன. மகள் வேறெங்கோ இருந்து அழகான பைகளின் படங்களை எடுத்துப் போட்டாள். “நம்ம பையும் இதே மாதிரித்தானே” என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு தங்கச்சி, மகளின் சாமத்தியச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 20 பைகள் கேட்டு, முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினார். பைகள் கிடைத்த பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: “அக்கா, உங்கள் பை மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் படத்தில் இருந்தது உங்கள் பை இல்லைத்தானே?”

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எத்தனை பேர் எத்தனை வாக்குறுதி தந்து எங்களை ஏமாற்றினார்கள்! இப்போது நானும் அந்த வரிசையில் நிற்கிறேனே என்று மனம் குத்தியது. மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பி அனுப்புவதாக எழுதினேன். அவர் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பின் எழுதவில்லை.

தேயிலை சொல்லித்தந்த பாடம்

எனக்கு வழி காட்டியது நம் தேயிலைதான். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில், வியாபாரிகள் நேரில் கூடி விலை கேட்பதுதான் வழக்கம். 2020 ஏப்ரலில் அந்த ஏலமும் இணையத்துக்கு மாறியது. ஆனால் ஒன்று மாறவில்லை. ஏலத்துக்கு வரும் தேயிலையின் மாதிரியை முன்கூட்டியே அனுப்புவார்கள். வாங்குகிறவர் அதை ஊற்றிச் சுவைத்துப் பார்த்த பிறகே விலை சொல்வார். மாதிரி ஒன்று, மூட்டை வேறொன்று என்றால் அடுத்த வாரம் அந்தத் தேயிலையை யார் கேட்பார்?

நம் இணையத்தளத்தில் உள்ள படமும் அப்படி ஒரு மாதிரிதான். மாதிரியில் பொய் இருக்கக் கூடாது.

இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையைப் பக்கற்றுகளில் கண்டிருப்பீர்கள். அதைக் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பதில்லை. உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும். அது இலங்கையிலேயே பொதி செய்யப்பட வேண்டும். சபையின் தர விதிகளுக்கும் உட்பட வேண்டும். இவற்றை ஒருவர் சரிபார்க்கிறார் என்பதால்தான் அந்தச் சிங்கத்துக்கு மதிப்பு.

டில்மாவைத் தொடங்கிய மெரில் ஜே. பெர்னாண்டோ, 1980களில் அவுஸ்திரேலியாவில் தம் தேயிலையை விற்கத் தொடங்கினார். டில்ஹான், மலிக் என்ற தம் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். விளம்பரங்களில் தாமே தோன்றினார். 2023இல் அவர் காலமானார். பிள்ளைகளின் பெயரையும் தம் முகத்தையும் வைத்து விற்கிறவர், தரம் குறைந்தால் வேறொருவரைக் கைகாட்ட முடியாது.

நாங்கள் மாற்றியவை

இரவல் படங்களை எல்லாம் எடுத்துவிட்டோம். காலை வெளிச்சத்தில், வாசலில் வைத்து எங்கள் பைகளையே படம் எடுத்தோம். அளவு தெரிய, பக்கத்தில் 100 கிராம் தேயிலைப் பக்கற் ஒன்றை வைத்தோம். “கையால் தைப்பதால் நிறமும் தையலும் சிறிது வேறுபடும்” என்று முதலிலேயே எழுதினோம்.

விலையையும் தபால் செலவையும் தனித்தனியே போட்டோம். எத்தனை நாளில் அனுப்புவோம், பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்றும் எழுதினோம். பத்து நாள் பிடிக்கும் வேலைக்கு ஐந்து நாள் என்று சொல்லாதீர்கள். பதினைந்து நாள் என்று சொல்லிப் பத்தாம் நாள் அனுப்பினால் வாங்குகிறவர் மகிழ்வார்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, பதிவு இலக்கத்தைப் போட்டோம். பெண்கள் தனியாக இருக்கும் வீடு என்பதால் வியாபாரத்துக்கென்று வேறு தொலைபேசி இலக்கம் எடுத்தோம். வாடிக்கையாளரின் வங்கி அட்டை இலக்கத்தை நாங்கள் கேட்பதும் இல்லை, எழுதி வைப்பதும் இல்லை.

இணையத்தில் சொல்வது காற்றோடு போகும் என்று நினைக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி, இலத்திரனியல் முறையில் செய்யும் ஒப்பந்தமும் செல்லுபடியாகும். வாங்கும் பொருளில் ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். விற்கும் நமக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணீரை விற்காதீர்கள்

“யுத்தத்தில் கணவரை இழந்தவர் தைத்த பை என்று போடுங்கள், நன்றாக விற்கும்” என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். பல நாள் யோசித்தேன். அது பொய்யல்ல. ஆனாலும் போடவில்லை. இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒரு முறை வாங்குவார். பை நன்றாக இருந்தால்தான் மறுமுறை வருவார். அதோடு என் மகளின் அப்பாவை விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், வேறு யாரும் அல்ல.

மலையில் கொழுந்து பறிக்கும் எத்தனையோ பெண்களின் சிரித்த முகங்கள் பக்கற்றுகளிலும் இணையத்தளங்களிலும் இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேரைக் கேட்டுவிட்டுப் போட்டார்கள்? எங்கள் தளத்தில் அண்ணியின் படம் ஒன்று உண்டு. அவரிடம் காட்டி, அவர் “சரி” என்ற பிறகே போட்டோம்.

இப்போது மாதத்துக்கு ஆறேழு பேர் பை கேட்டு எழுதுகிறார்கள். பெரிய வியாபாரம் இல்லை. ஆனால் அவர்களில் சிலர் முன்பே வாங்கியவர்கள். ஒவ்வொரு பொதியையும் கட்டும் முன் மகள் கைத்தொலைபேசியைத் திறந்து படத்தையும் பையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால்தான் பொதி தபால் கந்தோருக்குப் போகும்.