காரம் இருக்கு, மிளகு இல்ல

சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் தெரியாமல் இருக்காது. சம்பா சாதத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. சாதம், நெய், மிளகு, சீரகம், உப்பு, அவ்வளவுதான். அதனாலேயே மிளகு சரியில்லை என்றால் உடனே தெரிந்துவிடும்.

போன மார்கழியில் கடலூர் வீட்டில் அம்மாவுக்கு அதை நான் செய்து கொடுத்தேன். அலமாரியில் கிடந்த பாக்கெட் மிளகுத்தூளைத்தான் போட்டேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "காரம் இருக்குடா, மிளகு இல்ல" என்று தட்டைத் தள்ளிவிட்டாங்க. வயசு 76. நாக்கும் மூக்கும் மங்கிவிட்டதோ, டாக்டரிடம் காட்டணுமோ என்று கவலையாகிவிட்டது.

அப்புறம் தேடிப் படித்தபோதுதான் அவங்க சொன்னது வேதியியல்படி சரி என்று புரிந்தது. மிளகின் காரமும் மணமும் வேறு வேறு பொருட்கள். காரம் தருவது பைப்பரின். 1819-ல் அதைப் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட். மறு வருஷம் மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த அதே ஆள்தான். பைப்பரின் லேசில் ஆவியாகாது. மணம் தரும் பைனீன், லிமோனீன் போன்றவை அப்படியில்லை, காற்று பட்டாலே பறந்துவிடும். ஆக, பழைய தூளில் காரம் மிஞ்சும், மணம் போய்விடும்.

பொடித்தால் ஏன் இவ்வளவு வேகம்? 4 மி.மீ. பக்கமுள்ள ஒரு கட்டியை 0.4 மி.மீ. துண்டுகளாக்கினால் 1000 துண்டு வரும். காற்று படும் பரப்பு 10 மடங்காகிவிடும். எண்ணெயைப் பிடித்து வைத்திருந்த செல்களும் உடைந்துவிடும். மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் சூடு வேறு சேர்ந்து, மணம் அடுப்படியிலேயே போய்விடும்.

முழு மிளகு வாங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. பப்பாளி விதை கலந்திருந்தால் தண்ணீரில் போட்டதும் மிதக்கும். நல்ல மிளகு மூழ்கும். சொத்தை மிளகும் மிதக்கும் என்பதால் மிதப்பதை எடுத்துப் பார்க்கணும். பப்பாளி விதை நீள்வட்டமாக, சுருங்கி இருக்கும். தூளில் இந்தச் சோதனைக்கே வழியில்லை.

இப்போது நான் செய்வது இதுதான்: மிளகை லேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, அன்றைக்குத் தேவையானதை மட்டும் விட்டு விட்டு அரைக்கிறேன். ஒரு ஸ்பூன் என்றால் உரலே போதும். கொத்சுக்கு வறுத்து அரைக்கும் தனியாவுக்கும் இதே முறைதான்.

அடுத்த வாரம் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கிண்ணம் சாதம் வைத்தேன். ஒன்றில் பாக்கெட் தூள், ஒன்றில் அப்போது இடித்த மிளகு. இரண்டாவதை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே, "இதுதான்" என்றாங்க. டாக்டரிடம் போகவில்லை. பாக்கெட்டைத்தான் தூக்கிப் போட்டோம்.