பூசிய சுவர், பூசாத சுவர்: வீட்டு ரசனை பற்றிச் சில குறிப்புகள்

அக்கா வீடு கட்டி முடிக்கும் தறுவாயில் பெயிண்ட் கடையின் வர்ண அட்டையை என் கையில் கொடுத்து, 'நீதானடா படிச்சவன், கலர் நீயே சொல்லு' என்றாள். எம்.ஏ. தமிழுக்கும் வர்ண அட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கூசாமல் சொன்னேன்: முன்சுவரில் செங்கல் பூசாமல் அப்படியே தெரியட்டும், உள்ளே வெளிர்சந்தனம், தரைக்குச் சிவப்புக் காவி, கூடத்தில் மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு. அக்கா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். 'மண்ணுதரைய மெழுகி மெழுகித்தான் அம்மா கை தேஞ்சுது. மறுபடியும் எனக்கு எதுக்குடா செவப்புத் தரை? பூசாம விட்டா காசில்லாம நிறுத்திட்டான்னு ஊர்க்காரன் சொல்லுவான்.'

ஒரு மாதம் கழித்துப் போனேன். வெளிச்சுவர் வாடாமல்லி, சன்னல் ஓரமெல்லாம் கிளிப்பச்சை, தரை முழுக்க முகம் தெரிகிற வெள்ளை டைல்ஸ், அறைக்கு அறை வெள்ளை விளக்கு. கூட வந்திருந்த நண்பர் (பெயர் வேண்டாம், நல்ல கவிஞர்) திரும்பும்போது பஸ்ஸில் 'கண்ணைக் குத்துதுய்யா' என்றார். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எந்தக் கண்ணைக் குத்துகிறது? ரசனை என்பது ஒருவருக்குள் தானாக ஊறிவருவதல்ல, வர்க்கங்கள் தம்மைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டிக்கொள்ளும் வேலையை அது செய்கிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் விரிவாக எழுதினார். நிறத்தைப் பற்றிய பயம் அதற்கும் பழையது. அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசிய வியன்னாக் கட்டடக்கலைஞர் அடால்ஃப் லூஸ், பச்சை குத்திக்கொள்ளும் பாப்புவா மக்களைத்தான் தன் வாதத்துக்கு உதாரணமாக இழுத்தார். லெ கொர்புசியே 1925இல் ஒவ்வொரு குடிமகனும் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றார். வெளியே சுத்தமானால் உள்ளமும் சுத்தமாகுமாம். அழுத்தமான நிறம் என்றால் காட்டுமிராண்டி, பெண், குழந்தை, கீழ்த்திசை என்று மேற்குலகம் ஒதுக்கிவைத்த வரலாற்றை டேவிட் பேட்சலர் 2000இல் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். நண்பர் இவர்களில் யாரையும் படித்தவரில்லை. அப்புறம் எப்படி இந்தச் சொல்லாடல் பஸ்ஸுக்குள் வந்து உட்கார்ந்தது?

நமக்குச் சொந்தச் சரக்கும் இருக்கிறது என்பதுதான் பதில். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், இராமநாதபுரம் பகுதியில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்கள்மீது விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளைத் தம் சாதி பற்றிய நூலில் பட்டியலிடுகிறார். தங்கம் வெள்ளி கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, குடை செருப்பு கூடாது என்பவற்றோடு, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது என்பதும் ஒன்று. மண் என்பது அங்கே 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' அல்ல, தண்டனை. 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் புகுந்த காவல்துறை தொலைக்காட்சிப் பெட்டியையும் மின்விசிறியையும் தேடித்தேடி நொறுக்கியது. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் எரிக்கப்பட்டவை, வெளியூர் போய் உழைத்த காசில் எழும்பிய வீடுகள். சேரியின் வீடு மினுங்குவது எவர் கண்ணையோ குத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நண்பரின் குத்தலும் கொளுத்துகிறவனின் குத்தலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல் ஒன்றாக இருக்கிறதே, அது உறுத்துகிறது.

இனி, நான் சிபாரிசு செய்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பூசாத செங்கல். கேரளத்தில் வேலை செய்த லாரி பேக்கர் (1917-2007) செலவைக் குறைக்கத்தான் பூச்சை விட்டார். சிமெண்டும் கூலியும் மிச்சம். ஏழைக்கென்று யோசித்த சுவர் அது. அதை ஆசைஆசையாக எடுத்துக்கொண்டவர்களில் பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், விடுதி முதலாளிகள் என்று படித்த மத்தியதர வர்க்கம்தான் முன்னால் நின்றது. காரணம் எளிது. பூசக் காசிருந்தும் பூசாதவனுடைய சுவருக்குப் பெயர் அழகியல். காசில்லாமல் நின்றுபோன சுவருக்குப் பெயர் பாதி வீடு. செங்கல் இரண்டிலும் ஒன்றுதான். தவிர, நல்ல சூளையில் ஒரே சீராக வெந்த கல்லும், சந்து பிசகாமல் அடுக்குகிற கொத்தனாரும் கிடைத்தால்தான் அந்தச் சுவர் மழைக்கு நிற்கும். மட்டக் கல்லைப் பூசாமல் விட்டால் ஈரம் உறிஞ்சி உப்புப் பூத்துவிடும். அக்கா சொன்னது மானப் பிரச்சினை மட்டுமில்லை, தொழில்நுட்ப ரீதியாகவும் சரி.

சிவப்புக் காவித் தரை. சிமெண்டில் இரும்பு ஆக்சைடைக் கலந்து, ஒரே மூச்சில் தேய்த்து இழுத்து, நாள்கணக்கில் ஈரம் காயாமல் வைத்து, அப்புறம் எண்ணெய் போட்டு மெருகேற்ற வேண்டும். கலவை சற்றுப் பிசகினால் வெடிப்பு, திட்டு. வெடித்தால் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சின் சங்கதியும் இதுதான். சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் என்று மேல்பூச்சின் செய்முறையைச் சொல்லிச் சிலாகிக்கிறார்கள். அரைத்த கை, தேய்த்த கை யாருடையது? அதற்குப் பணம் பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வட்டியாக வந்தது. ஆத்தங்குடிக் கல் அழகுதான், எனக்கும் பிடிக்கும். அதன் பளபளப்பு தினமும் துடைக்கிறவளின் இடுப்பில் இருக்கிறது. அக்காவின் டைல்ஸுக்கு ஈரத்துணி ஒரு இழுப்பு போதும். வழுக்கும் என்பது மட்டும் நிஜமான குறை. குளியலறைக்குச் சொரசொரப்பானதைப் போடச் சொன்னேன், கேட்டுக்கொண்டாள்.

வெறும் சுண்ணாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீற்றிய சுண்ணாம்பு சுவரில் காய்வதில்லை, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. சுவர் மூச்சுவிடும், ஈரம் வெளியேறும், புதிய பூச்சின் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தது சடங்கு மட்டுமல்ல. அதில் ஒரு சிட்டிகை நீலம் போடுவார்கள். சுண்ணாம்பில் தட்டும் மஞ்சளை நீலம் அடித்துவிடும், வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். கை நீலம் தாண்டினால் சுவர் வானநிறமாகிவிடும். அப்படியான வீடுகள் நம் தெருக்களில் எத்தனை! முதுகில் ஒட்டும் என்ற ஒரே குற்றத்துக்காக டிஸ்டெம்பரும் எமல்ஷனும் அதைத் துரத்திவிட்டன. பழைய ஓதமடித்த சுவரை எமல்ஷனால் மூடினால் உள்ளே சிக்கிய ஈரம் கொப்புளமாக வெளிவரும். இது ரசனை விவகாரமில்லை, பௌதிகம்.

நிறத்துக்கும் பௌதிகம் உண்டு. அட்டையில் தீப்பெட்டி அகலத்தில் பார்த்த நிறம், நாலு சுவரிலும் ஏறியதும் ஒன்றின்மேல் ஒன்று பிரதிபலித்து இன்னும் கடுமையாகத் தெரியும். எனவே அறைக்குள் அடிக்க, பிடித்ததற்கு ஒரு படி வெளுத்ததை எடுக்க வேண்டும். கடைக் குழல்விளக்கில் ஒத்துப்போன இரண்டு நிறங்கள் வீட்டுச் சன்னல் வெளிச்சத்தில் சண்டைபோடும். சுவரிலேயே ஒரு முழம் அடித்து, காலை, மதியம், விளக்கு வைத்தபின் என்று மூன்று வேளையும் பார்ப்பதைத் தவிர வழியில்லை. வெளிச்சுவருக்குக் கணக்கு தலைகீழ். நம் ஊர் உச்சிவெயில் வெளிர்நிறத்தையெல்லாம் தின்றுவிடும். அழுத்தமான நிறம்தான் எதிர்த்து நிற்கும். ஐரோப்பிய மந்தாரத்தில் பிறந்த இலக்கணத்தை இந்த வெயிலில் ஒப்பிப்பதுதான் 'கண்ணைக் குத்துது'. அக்காவிடம் ஒன்று மட்டும் சொன்னேன். காவி, மஞ்சட்காவி எல்லாம் இரும்புச் சாயம், வெயிலில் போகாது. வாடாமல்லியும் ரோஸும் பெரும்பாலும் அப்படி இல்லை, மேற்குச் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். 'போனா மறுபடி அடிப்போம்' என்றாள். மறுபடி அடிக்க முடியும் என்பதே அவளுக்குப் புதிது.

பயப்பட வேண்டிய நிறமும் ஒன்று உண்டு. கதவுக்கும் கம்பிக்கும் அடித்த பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில் பலவற்றில் ஈயம் இருந்தது. வீட்டுப் பெயிண்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய கதவை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவன் அதைச் சுவாசிக்கிறான், தூசி தரையில் படிந்து தவழும் பிள்ளையின் வாய்க்குப் போகிறது. நனைத்துத் தேய்த்தால் பாதி ஆபத்து அடங்கும். ரசனை பற்றிப் பேசுகிற பக்கங்களில் பெயிண்டரின் நுரையீரல் ஏன் வருவதேயில்லை?

விளக்குக்கு வருகிறேன். குடிசைக்கு அரசு இலவசமாகத் தந்த மின்சாரம் ஒரே ஒரு 40 வாட் பல்பு எரிப்பதற்கு. அக்காவும் நானும் அந்த மஞ்சளில்தான் படித்தோம். 2011இல் வந்த பசுமை வீட்டுத் திட்டம் 300 சதுர அடிக்கு ஐந்து விளக்கு என்று கணக்கிட்டது. ஒன்றிலிருந்து ஐந்துக்கு வர இவ்வளவு காலம். இப்போது காபிக் கடைகளும் நாங்களும் 2700 கெல்வின் மஞ்சளைக் 'கதகதப்பு' என்கிறோம். இருட்டு மூலை இல்லாத வீடு வேண்டும் என்று கேட்டவளுக்கு 6500 கெல்வின் வெள்ளைதான் வெளிச்சம். ஆனாலும் பளிங்குத் தரையில் அந்த வெள்ளை நேராக விழுந்து கண் கூசுவதும், மட்டமான எல்.இ.டி.யில் மஞ்சளும் குங்குமமும் செத்த நிறமாகத் தெரிவதும் உண்மை. பெட்டியில் நிறத்திறன் எண் 90க்கு அருகில் இருந்தால் குழம்பு குழம்பாகத் தெரியும்.

போன தடவை போயிருந்தபோது அக்கா மகள் தரையில் உட்கார்ந்து பரீட்சைக்கு எழுதிக்கொண்டிருந்தாள். விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால்; எழுதுகிற வரியின்மேல் தலை நிழல். 'மாமா, கலர் எது வேணா இருக்கட்டும், இந்த நிழல் போக என்ன செய்யணும்?' என்றாள். வலதுகைக்காரி. இடப்பக்கச் சுவரில், உட்கார்ந்தால் கண்ணுக்கு மேலே ஒரு முழ உயரத்தில், மூடியுள்ள ஒரு 9 வாட் விளக்கு என்று அளந்து குறித்தேன். வாடாமல்லி அடித்ததில் மிச்சமிருந்த டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்று, ஆணியடிக்க வேண்டிய இடத்தில் அவளே பென்சிலால் புள்ளி வைத்தாள்.