தோப்பியும் தேறலும்

பத்துப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சில அடிகளை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். மதுவைப் பற்றிய அடிகள் அத்தகையன. என் ஆசிரியர்கள் அவ்வாறு செய்தார்கள். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்தேன். சென்ற தவணையிலே மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, தோப்பிக்கும் தேறலுக்கும் வேறுபாடு என்ன?" என்று கேட்டான். "இரண்டும் கள்ளே" என்றேன். அவன் அமரவில்லை. "அப்படியானால் கசிப்பும் அதுதானா, ஐயா?" என்றான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அன்று நான் கூறாத விடையை இங்கே எழுதுகின்றேன்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே, வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறை படிப்படியாகச் சொல்லப்படுகின்றது. குற்றாத கொழியலரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டிலே இட்டு ஆற்றுகின்றார்கள். இடித்த நெல்முளையை அதனோடு கலக்கின்றார்கள் என்பது உரைகாரர் கொள்ளும் பொருள். அக்கலவையைச் சாடியிலே இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, விளைந்தபின் கையால் அலைத்துப் பிழிகின்றார்கள். வழிநடந்து வந்த பாணனுக்குச் சுட்ட மீனோடு அதனைக் கொடுக்கின்றார்கள். முளைத்த தானியத்திலுள்ள நொதியம் மாப்பொருளை வெல்லமாக்க, மதுவம் அவ்வெல்லத்தை மதுசாரமாக்கும் என்பது இன்றைய விஞ்ஞானம். மேனாட்டார் வாற்கோதுமையை முளைக்கவைத்துப் பியர் ஆக்குவதும் இந்த அடிப்படையிலேயே. வீட்டிலே ஆக்கிய இத்தகைய நெற்கள்ளே தோப்பி எனப்பட்டது. நடுகல்லாய் நின்ற வீரர்க்குத் தோப்பியும் ஆட்டுப்பலியும் படைத்த செய்தி அகநானூற்றில் உண்டு.

தேறல் என்பது தெளிந்தது என்னும் பொருள்பட நின்ற சொல். குறிஞ்சி நிலத்தார் தேனை மூங்கிற் குழாயிலே பெய்து, நெடுநாள் வைத்து முதிரச் செய்தார்கள். திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் இதற்குச் சான்று. ஆகவே, இரண்டு நாளிலே விளைந்து வீட்டாரும் விருந்தினரும் பருகியது தோப்பி. காத்திருந்து பெற்றது தேறல் என்று ஒருவாறு பிரித்துக் கூறலாம். ஆனால் மக்களின் சுவை இலக்கணத்துக்கு அடங்குவதில்லை. அகநானூற்றின் வேறொரு பாட்டிலே மாங்கனியும் பலாச்சுளையும் தேனும் சேர்ந்து மூங்கிலில் முதிர்ந்த குடிக்கும் தோப்பி என்றே பெயர். பெயர் நிற்கப் பொருள் மாறிவிட்டது. கடுமையை விரும்பும் சுவையும் வளர்ந்தது. தேறலின் கடுப்புக்கு ஒரு புலவர் தேளை உவமை சொன்னார்; மற்றொருவர் சினந்த பாம்பைச் சொன்னார்.

பின்னர்க் கடல் கடந்த சுவை வந்தது. யவனர் நல்ல கலங்களிலே கொண்டுவந்த குளிர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறனுக்குப் பெண்கள் பொற்கலத்தில் ஏந்திக் கொடுத்ததைப் புறநானூற்றிலே நக்கீரர் பாடுகின்றார். 1945 ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப் பிடிச் சாடிகளின் ஓடுகள் அங்கே கிடைத்தன. உருத்திரங்கண்ணனாரே பாடிய பட்டினப்பாலையை எடுத்து நோக்குக. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் பனங்கள்ளைப் பருகுகின்றார்கள். அந்நகரத்து மாடங்களிலே மகளிர் இரவிலே மட்டை விலக்கி மதுவை விரும்புகின்றார்கள். வலைஞர் சாடியையும் மாடத்து மதுவையும் ஒரே புலவர் கண்டிருக்கின்றார். ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றை அவர் இகழவில்லை.

இச்சுவை மாற்றம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், வீட்டிலே பியர் ஆக்குவது மத்திய அரசு ஒப்பிய பொழுதுபோக்காயிற்று. அங்கும் சிலகாலம் கசப்பு மிகுந்த பியரைக் கொண்டாடினார்கள். பின்னர்க் கசப்புக் குறைந்து பழமணம் கமழும் கலங்கலான பியரை நாடினார்கள். நாக்கு புதியதைத் தேடுவது எங்கும் இயல்பு.

நம்மிடையே தோப்பி இன்று அகராதிச் சொல்லாகிவிட்டது. தேறல் செய்யுளோடு நின்றுவிட்டது. கள் என்றால் பனங்கள்ளும் தென்னங்கள்ளும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. அரிசியும் முளையும் இரண்டு நாள் உழைப்பும் வேண்டிய குடிக்குப் பதிலாக, முட்டியில் இறங்கும்போதே புளிக்கத் தொடங்கும் குடி போதுமென்றாயிற்றுப் போலும். கள்ளமாகக் காய்ச்சுவோர் கையிலே இன்று எஞ்சியிருப்பது கசிப்பு.

மாணவனுடைய இரண்டாவது வினாவுக்கு இனி விடை கூறலாம். தோப்பியும் கசிப்பும் ஒன்றல்ல. மேலே கூறிய சங்ககாலக் குடிகளெல்லாம் புளித்து விளைந்தவை. கசிப்பு காய்ச்சி வடித்தெடுப்பது. தோப்பி பலரறிய ஆக்கப்பட்டு விருந்தினனுக்கு அளிக்கப்பட்டது. கசிப்பு இருளிலே ஆக்கி விற்கப்படுகின்றது. அதில் மணமும் இல்லை, சுவையும் இல்லை. வெறி ஒன்றே எஞ்சியிருக்கின்றது. எனினும் பழமையைக் காட்டிக் குடியை நியாயப்படுத்த நான் முன்வரமாட்டேன். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், மகனின் வெறியைக் கண்டு பெற்ற தாயே வெறுப்பாள் என்று சொல்வது வெறுங் கற்பனையன்று; அவர் காலத்துக் கள்ளும் குடும்பங்களைக் கெடுத்தே இருக்கும்.

அந்த மாணவன் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் தந்தையார் கூலி பெறும் நாள்களிலே வீட்டுக்கு நேரே வருவதில்லை. தன் வீட்டை அழிக்கும் பொருளுக்கும் தான் மனனம் செய்யும் பாட்டுக்கும் உறவு உண்டா என்று அறியவே அவன் கேட்டான். அவ்வினாவை ஒரு சொல்லிலே அமர்த்தியது என் பிழை.

சென்ற கிழமை அவ்வடிகளை மீண்டும் எடுத்தேன். கொழியலரிசி முதல் சுட்ட மீன் வரை ஒன்றையும் விடாமல் பொருள் சொன்னேன்; வள்ளுவரையும் சொன்னேன். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை. அவன் எல்லாவற்றையும் கொப்பியிலே எழுதிக்கொண்டான்.