இரும்புக்கு ஒரு சண்டை!

இரும்புக்குக் கிராக்கி நம்ம ஒர்க்‌ஷாப்பில் மட்டுமல்ல, கோழி ரத்தத்திலும் உண்டு! காரைக்குடிக் கொல்லையில் மேயும் நாட்டுக்கோழியோ, நாமக்கல் பண்ணைக்கோழியோ, அதைச் சாகடிக்கும் ஈ.கோலை கிருமி இரும்பில்லாமல் பெருக முடியாது.

கோழி லேசுப்பட்டதா? டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் இரும்பைப் பூட்டி வைக்கிறது. முட்டை வெள்ளைக்கருவில் கிருமி வளராததற்கும் இப்படி இரும்பு பூட்டப்படுவதே காரணம் என்று 1944-இல் ஷேட், கரோலின் இருவரும் காட்டினார்கள்.

கிருமி சும்மா விடுமா? என்டரோபாக்டின் என்ற குட்டி மூலக்கூறைச் செய்து வெளியே அனுப்பும். அது பூட்டிலிருந்தே இரும்பைப் பிடுங்கி வந்துவிடும். கோழியின் உடம்பு இன்னொரு புரதத்தை விட்டு அதை மடக்கும். பொல்லாத கிருமிகளோ, மூலக்கூறின் மேல் சர்க்கரையை ஒட்டி வேஷம் மாற்றிவிடும்!

மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவிட்ட இன்று, இரும்பு உள்ளே நுழையும் கதவையே குறிவைத்துத் தடுப்பூசி தேடுகிறார்கள். கிருமியைப் பட்டினி போட்டாலும் கோழி பிழைக்குமே!